ஆட்டம் குறையணும், உதறல் கூடக் கூடாது: டர்போ காரின் இன்ஜின் மவுண்டிங் வேலை

முதல் கியரில் கொஞ்சம் வேகமாகக் கிளட்சை விடுகிறீர்கள். பானட்டுக்கு அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு நொடி தயங்கி, அப்புறம் துள்ளிக் கிளம்புகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே ‘டொக்’ திரும்பவும் கேட்கிறது. ரோட்டில் மணல் கிடக்கும் இடத்தில் அழுத்தினால் முன்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றன. டர்போ பெட்ரோல் காரை ஆசையாக வாங்கி ஆசையாக ஓட்டுகிற பலர் கொஞ்ச நாளிலேயே இதைக் கவனித்துவிடுவார்கள். இன்ஜின் தன் இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அதிகமாகச் சாய்வதுதான் இதற்கெல்லாம் பொதுவான காரணம்.

இன்ஜினை வண்டியின் பாடியோடு பிடித்துவைக்கும் ரப்பர் பிடிமானங்கள்தான் மவுண்டிங். கடையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், எல்லா மவுண்டிங்கையும் கெட்டியானதாக மாற்றிவிடு என்பது. நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையது போலோ 1.0 டி.எஸ்.ஐ; மூன்று சிலிண்டர், 110 பி.எஸ், 175 நியூட்டன் மீட்டர். மூன்று மவுண்டிங்கையும் ரப்பர் மாதிரியான செயற்கைப் பொருளான கெட்டி பாலியூரிதேனுக்கு மாற்றிக்கொண்டு மதுரையிலிருந்து ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் தலைவலி வந்துவிட்டது. ஏ.சி போட்டு நின்றால் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியவில்லை. அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. ஏர்வாடி வரைக்கும்கூட அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அந்த வாரமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மவுண்டிங்கும் என்ன வேலை செய்கிறது என்பதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அப்படிப் படித்தும் செய்து பார்த்தும் எனக்குக் கிடைத்த விடை இது. வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது அது இப்போது மிதக்கிற மாதிரியே மிதக்கட்டும். பெரிய விசை வரும்போது அது போகிற தூரத்தை மட்டும் குறைக்க வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால், எந்த ரப்பரைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகப் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முன்சக்கரம் இழுக்கிற, இன்ஜினைக் குறுக்காக வைத்த கார்களுக்கான வழி. நம் ஊரில் ஓடும் போலோ, ஐ20, ஸ்விஃப்ட், பலேனோ, ஆக்டேவியா எல்லாம் இந்த வகைதான். பின்சக்கரம் இழுக்கிற வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எவ்வளவு விசை வருகிறது

குறுக்கு இன்ஜின் கார்களில், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கியர் பாக்சுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சக்கரத்தை முன்னால் சுற்றுகிற முழு முறுக்கு விசைக்கும் எதிர்விசை இன்ஜினும் கியர் பாக்சும் சேர்ந்த அந்த ஒரே கட்டியின் மேல் விழுகிறது. சிறிய கார்களில் முதல் கியரும் ஃபைனல் டிரைவ் என்கிற கடைசிப் பல்சக்கர ஜோடியும் சேர்ந்து இன்ஜினின் முறுக்கு விசையை ஏறக்குறைய 13 முதல் 16 மடங்கு வரை பெருக்கும். 14 என்று வைத்துக்கொள்வோம். 175-ஐ 14-ஆல் பெருக்கினால் 2,450 நியூட்டன் மீட்டர். இந்த விசை இன்ஜினின் மேல்பக்கத்தைப் பின்னாலும் அடிப்பக்கத்தை முன்னாலும் தள்ளப் பார்க்கும்.

அதைத் தடுப்பது அடியில் இருக்கும் ஒரு குட்டையான கம்பி. ஒரு முனை கியர் பாக்சின் அடியிலும், மறுமுனை வண்டியின் அடிச்சட்டமான சப்ஃபிரேமிலும் மாட்டியிருக்கும். டார்க் ராடு என்று சொன்னால் மெக்கானிக் புரிந்துகொள்வார். இரண்டு முனையும் தடித்து நடுவில் ஒல்லியாக, எலும்புத் துண்டு மாதிரி இருக்கும். மேல் மவுண்டிங்குகளுக்கும் இந்தக் கம்பிக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் அதன் மேல் விழும் இழுவிசை 6,100 நியூட்டனுக்கு மேல், அதாவது 600 கிலோவுக்கு மேல். கிளட்சைப் படக்கென்று விட்டால் இன்னும் கூடும். உள்ளங்கை அளவு ரப்பர் இதை வாங்குகிறது. அது நசுங்கி எல்லையில் போய் முட்டுகிற சத்தம்தான் உங்களுக்குக் கேட்கும் ‘டொக்’.

மேலே இருக்கும் இரண்டு மவுண்டிங்குகளின் வேலை வேறு. ஒன்று இன்ஜின் பக்கம், ஒன்று கியர் பாக்ஸ் பக்கம். மொத்த எடையும் அவற்றில்தான் தொங்குகிறது. டார்க் ராடு எடை தாங்குவதில்லை. நியூட்ரலில் வண்டி நிற்கும்போது அதற்குக் கிட்டத்தட்ட வேலையே கிடையாது. நமக்கு வேண்டிய வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, வேலையில்லாத ஒரு பொருளைச் சரியான விதத்தில் இறுக்கினால், ஐடில் அதிர்வை அது அதிகம் கூட்டாது.

பாம்பன் துறையில் படகு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை விறைக்கக் கட்ட மாட்டார்கள், கொஞ்சம் தளர விடுவார்கள். படகின் ஓரத்தில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். சின்ன அலைக்குப் படகு தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளும். கயிறும் இழுபடாது, டயரும் நசுங்காது. காற்று கிளம்பிப் பெரிய அலை தள்ளினால் ஒரு பக்கம் கயிறு இழுத்துப் பிடிக்கும், மறுபக்கம் டயர் மோதலை வாங்கும். தளர்வை அதிகமாக விட்டால் படகு ஓடிப்போய் இடிக்கும். தளர்வே இல்லாமல் கட்டினால் ஒவ்வொரு சின்ன அலைக்கும் கட்டு வெடுக்கென்று இழுபடும். டார்க் ராடில் ரப்பருக்கு முன்னும் பின்னும் விட்டிருக்கும் காலி இடைவெளி அந்தக் கயிற்றின் தளர்வு. நாம் செய்யப்போவது தளர்வைக் குறைப்பது மட்டும்தான். முழுவதும் எடுத்துவிட்டால் நான் முதலில் பட்ட பாடுதான் உங்களுக்கும்.

கார் செய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். பல கார்களின் மேல் மவுண்டிங்குக்குள் இரண்டு அறைகளில் திரவம் இருக்கும். சின்ன அசைவுக்கு உள்ளே ஒரு தகடு சும்மா மிதக்கும், ரப்பர் மென்மையாக இருக்கும். பெரிய அசைவு வந்தால் திரவம் ஒரு நீளமான குறுகிய பாதை வழியாக நெருக்கி ஓட வேண்டும், அப்போது மவுண்டிங் இறுகும். போர்ஷே 2009-ல் கொண்டுவந்த 911 ஜிடி3-க்குக் கூடுதல் வசதியாகக் கொடுத்த மவுண்டிங்கில், காந்தப் புலத்தால் கெட்டிப்படும் திரவத்தை வைத்து இதையே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் செய்தார்கள்.

மூன்று சிலிண்டர்காரர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

850 ஆர்.பி.எம் ஐடிலில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 28 தடவை சுடும், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் அத்தனை தடவை வெடித்து எரியும். மூன்று சிலிண்டர் 21 தடவைதான். எண்ணிக்கை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மவுண்டிங்கைப் பொறுத்தவரை அது கெடுதல். ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்குச் சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் உண்டு. அதைவிட இன்ஜின் சுடும் வேகம் எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு அதிர்வு பாடிக்கு வராமல் தடுக்கப்படும். இரண்டும் நெருங்க நெருங்க அதிர்வு உள்ளே வரும்.

சொந்த ஆட்ட வேகம் நொடிக்கு 10 என்று எடுத்துக்கொண்டு எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டரில் ஐடில் அதிர்வின் 14 சதவீதம் பாடிக்கு வரும், மூன்று சிலிண்டரில் 28 சதவீதம். மவுண்டிங்கின் கெட்டித்தன்மையை இரண்டு மடங்காக்கினால் சொந்த ஆட்ட வேகம் 10-லிருந்து 14-க்கு ஏறும். அப்போது நான்கு சிலிண்டரில் 33 சதவீதம் ஆகும். மூன்று சிலிண்டரில் 80 சதவீதம். ரப்பரின் தணிப்பைச் சேர்க்காத கணக்கு இது, ஆனாலும் போக்கு இதுதான். ஆக்டேவியா வைத்திருக்கும் நண்பர் “நான் மாற்றினேன், ஒன்றுமே தெரியவில்லை” என்று சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதை நம்பி நீங்கள் மூன்று சிலிண்டர் காரில் அதே வேலையைச் செய்துவிடாதீர்கள்.

முதல் வேலை: அளந்து வையுங்கள்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு அளவு வேண்டும். ஆட்டம் எவ்வளவு, அதிர்வு எவ்வளவு. இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். செலவு செய்த பிறகு “கொஞ்சம் பரவாயில்லை” என்று மனசு தானாகவே சொல்லும், அதை நம்ப முடியாது.

ஆட்டத்தைப் பார்க்க ஒரு துணை வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பானட்டைத் திறந்து இன்ஜினின் மேல் ஒரு வெள்ளை டேப்பும், அதற்கு நேரே பாடியில் ஒரு ஸ்கேலும் ஒட்டுங்கள். போனை ஓரமாக நிறுத்தி வீடியோ ஓடவிடுங்கள். உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, ஆர்.பி.எம் கொஞ்சம் இறங்கியதும் ஒரு நொடி பிடித்துவிட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். அப்புறம் ரிவர்சில் அதே மாதிரி. இரண்டுக்கும் நடுவே டேப் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் உங்கள் ஆட்டத்தின் அளவு. இது நடக்கும்போது வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது, பானட்டுக்குள் கை போகவே கூடாது. நீங்களும் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள்.

அதிர்வுக்குப் போனே போதும். ஃபைஃபாக்ஸ் என்று ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஒரு ஆப் இருக்கிறது. அதில் முடுக்கத்தின் அலைவரிசையைப் பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. போனை ஓட்டுநர் சீட்டின் தண்டவாளத்தில் டேப்பால் இறுக்கி ஒட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஏ.சி இல்லாமல் ஒன்று, ஏ.சி போட்டு ஒன்று, 2,000 ஆர்.பி.எம்-மில் ஒன்று. ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவில் ஒன்று. மூன்று சிலிண்டர் காரில் 850 ஆர்.பி.எம்-முக்கு 21-க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை நிற்கும், நான்கு சிலிண்டரில் 28-க்குப் பக்கத்தில். அதன் உயரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரேடியேட்டர் விசிறி ஓடும்போது எடுத்த அளவையும் ஓடாதபோது எடுத்ததையும் ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது: இருப்பதைச் சரிசெய்யுங்கள்

நம் கரையோரத்தில் ஓடும் காருக்கு இது பாதி வேலை. உப்புக்காற்று ரப்பரைவிட இரும்பைத்தான் அதிகம் தின்கிறது. அலுமினிய பிராக்கெட்டில் இரும்பு போல்ட்டு ஏறியிருக்கும் இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அங்கே உலோகம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாலிநோக்கம் உப்பளப் பக்கமோ தனுஷ்கோடிப் பக்கமோ அடிக்கடி போகிற வண்டி என்றால் அடியில் நிதானமாகப் படுத்துப் பாருங்கள்.

டார்க் ராடின் ரப்பரில் கிழிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் மவுண்டிங்கின் அடியில் ஈரம், கறை, எண்ணெய் மாதிரி கசிவு தெரிந்தால் உள்ளே இருந்த திரவம் வெளியேறிவிட்டது. அந்த மவுண்டிங் முடிந்தது, புதிது போடுங்கள், அதுவும் கம்பெனி மவுண்டிங்காகவே போடுங்கள். ஓட்டும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் இணைப்புகளைச் சீரான 40-ல் கடக்கும்போது, ‘தட்’டென்ற சத்தத்தோடு வண்டி அடங்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் முன்பக்கம் ஒரு குலுக்கல் நீண்டு அடங்கினால் மேல் மவுண்டிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சந்தேகப்படுங்கள்.

அதிர்வு பிறக்கும் இடத்தையும் கவனியுங்கள். ஸ்பார்க் பிளக், காயில், அழுக்கடைந்த த்ராட்டில் பாடி. இவை சரியில்லாத இன்ஜின் உதறிக்கொண்டுதான் ஓடும். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தாலோ, குழாய் எங்காவது பாடியைத் தொட்டாலோ, மவுண்டிங்கைச் சுற்றிக்கொண்டு அதிர்வு நேராக உள்ளே வரும். இங்கே மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு துளி அதிர்வும் அடுத்த வேலையில் நமக்குக் கை கொடுக்கும். 70,000, 80,000 கிலோமீட்டர் ஓடிய காராக இருந்தால், புது கம்பெனி டார்க் ராடு மட்டும் போட்டதிலேயே திருப்தி அடைந்து அத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது: டார்க் ராடின் இடைவெளியைக் குறைப்பது

இதற்கு மூன்று வழி. முழு டார்க் ராடையே கெட்டி பாலியூரிதேன் புஷ் (முனையில் இருக்கும் ரப்பர் உருளை) போட்டதாக மாற்றலாம். பழைய புஷ்ஷுக்குள் பொருந்துகிற பாலியூரிதேன் இன்சர்ட் வாங்கிச் செருகலாம். அல்லது பாலியூரிதேன் சீலன்ட் ஊற்றிக் கையால் செய்யலாம். தினமும் வீட்டுக்காரர்களோடு ஓட்டுகிற காருக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

இன்சர்ட் வாங்கும்போது ஷோர் ஏ என்ற கெட்டித்தன்மை எண்ணைக் கேளுங்கள். கம்பெனி மவுண்டிங் ரப்பர் சுமாராக 40 முதல் 60 வரை இருக்கும். கார் டயரின் மேற்பரப்பு 60, 70. இன்சர்ட்டுகள் 60-லிருந்து 95 வரை விற்கிறார்கள். மூன்று சிலிண்டருக்கு 70-ஐத் தாண்டாதீர்கள். நான்கு சிலிண்டர் என்றால் 80 வரை போகலாம். 90-க்கு மேலே இருப்பதைப் பந்தயத்துக்கென்று வைத்திருக்கும் காருக்கு விட்டுவிடுங்கள்.

எண்ணைவிட முக்கியம் இடைவெளி. ரெடிமேடாக வரும் இன்சர்ட் பெரும்பாலும் புஷ்ஷின் காலி இடத்தை முழுதாக அடைத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும். அப்படியே செருகினால் ஐடிலிலும் அது தொட்டுக்கொண்டே இருக்கும், சின்ன அதிர்வுக்கும் ஒரு பாதை கிடைத்துவிடும். அதனால் முதலில் புஷ்ஷில் இடைவெளி எவ்வளவு என்று அளக்க வேண்டும். இதற்கு டிரில் பிட்டுகளே நல்ல அளவுகோல். 4 மில்லிமீட்டர் பிட்டின் தண்டு நுழைகிறதா, 5 நுழைகிறதா என்று பின்பக்கத்தால் பார்த்துக்கொண்டே வந்தால் அளவு தெரிந்துவிடும். பிறகு இன்சர்ட்டின் தொடும் முகத்தைச் சொரசொரப்பான உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து, மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் காலியாக இருக்கிற மாதிரி செய்யுங்கள். இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான் வீட்டுக்காரர்களுக்கும் உங்களுக்கும் நடுவே சமாதானம் வைக்கிற இடம். மூன்று சிலிண்டருக்கு 2 வரைகூட விடலாம்.

ஆட்டோமேட்டிக் காரில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி வகை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்கள் டிரைவில் நிற்கும்போதுகூட வண்டியை மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலில் டார்க் ராடின் இழுபடும் பக்கத்து இடைவெளி ஏற்கெனவே கொஞ்சம் மூடியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். டி.எஸ்.ஜி மாதிரி இரட்டைக் கிளட்ச் வண்டிகள் பிரேக்கை அழுத்தியதும் கிளட்சை விடுவித்துவிடும், அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்சர்ட் கிடைக்காத கார்களுக்குச் சீலன்ட் வழி. முன் கண்ணாடி ஒட்டுகிற பாலியூரிதேன் சீலன்ட்தான் வேண்டும். சிலிக்கான் வேண்டாம், அது பிய்ந்துவிடும். ரப்பரை நன்றாகத் துடைத்து, இடைவெளிக்குள் முதலில் ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டையை எண்ணெய் தடவி நிறுத்தி, மீதியைச் சீலன்டால் நிரப்புங்கள். இறுகிய பிறகு அட்டையை உருவிவிட்டால் இடைவெளி தயார். இது காற்றின் ஈரத்தை வைத்து வெளியிலிருந்து உள்ளே இறுகும், நாளைக்கு 3, 4 மில்லிமீட்டர்தான். கடலோர ஈரம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி. இருந்தாலும் ஒரு வாரம், பத்து நாள் தனியாக வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

நான்காவது: மாட்டுவது

முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ஆறிய வண்டியில் வேலை. நம் பக்கம் வீட்டு முற்றம் பெரும்பாலும் மணல்தான், ஜாக்கி இறங்கும். சிமென்ட் தரை இல்லாவிட்டால் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள். வீட்டில்தான் செய்வேன் என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான கனத்த பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

டார்க் ராடைக் கழற்றினால் இன்ஜின் கீழே விழாது, மேல் மவுண்டிங்குகளில் தொங்கிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி கொஞ்சம் ஆடும். கியர் பாக்சின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து இன்னொரு ஜாக்கியால் லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் சம்ப்பில் ஜாக்கியை நேராகக் கொடுத்தால் விரிசல் விடலாம். கழற்றியதும் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, இன்சர்ட்டில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிச் செருகுங்கள். சாதாரண கிரீஸ் பக்கத்து ரப்பரை ஊதவைத்துவிடும்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளைக் கையால் முடுக்கும் அளவில் நிறுத்திக்கொண்டு, தாங்கல் ஜாக்கியை இறக்கிவிட்டு, இன்ஜினை மேலிருந்து கையால் முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசைத்து விடுங்கள். அது தன் இயல்பான இடத்தில் வந்து நிற்கும். அப்புறம்தான் டார்க் ரெஞ்சில் முடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் முடுக்கினால் ரப்பர் ஒரு பக்கமாக இழுபட்டபடியே பூட்டிக்கொள்ளும், நாம் கஷ்டப்பட்டு விட்ட இடைவெளி ஒரு பக்கம் மூடிவிடும். இன்சர்ட்டே போடாத கார்களில்கூட, பட்டறையில் அவசரமாக மாட்டிய மவுண்டிங்கைத் தளர்த்தி இப்படி அசைத்து மறுபடி முடுக்கினாலே அதிர்வு குறைவதுண்டு. என் காரில் நான் செய்த வேலைகளிலேயே அதிக பலன் தந்தது எது என்று கேட்டால், காசே செலவில்லாத இதைத்தான் சொல்வேன்.

முடுக்கும் அளவு ஒவ்வொரு காருக்கும் வேறு. அந்தக் காரின் ஒர்க்ஷாப் மேனுவலைப் பாருங்கள். நியூட்டன் மீட்டர் அளவோடு சேர்த்து ‘90 டிகிரி’ என்று கோணமும் கொடுத்திருந்தால் அந்த போல்ட்டு பொதுவாக ஒரு தடவைக்குத்தான். புது போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் தடவக் கூடாது. காய்ந்த மரைக்குக் கொடுத்த அளவில் கிரீஸ் தடவிய போல்ட்டை முடுக்கினால் அது அளவுக்கு மீறி இழுபடும். முடுக்கி முடித்த பிறகு வெளியே தெரியும் தலைக்கும் நட்டுக்கும் மெழுகுப் பூச்சு அடியுங்கள்.

ஐந்தாவது: மறுபடி அளவு

முதல் நாளே தீர்ப்பு சொல்ல வேண்டாம். புது பாலியூரிதேன் படிந்து அமர 300, 400 கிலோமீட்டர் ஆகும். மதுரைக்கு ஒரு தடவை போய்வந்தாலே பெரும்பகுதி ஓடிவிடும். அதன் பிறகு பழைய மாதிரியே வீடியோ, பழைய மாதிரியே போன் பதிவு. என் காரில் ஆட்டம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்தது. ஐடிலில் ஏ.சி இல்லாமல் வித்தியாசமே இல்லை. ஏ.சி போட்டால் கூர்முனை கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஏர்வாடிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், முதுகைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

உங்கள் அளவில் ஐடில் முனை நன்றாக உயர்ந்திருந்தால் இன்சர்ட் எங்கோ தொடுகிறது. கழற்றி இன்னும் அரை மில்லிமீட்டர் தேய்த்துப் போடுங்கள். 2,000-க்கு மேலே மட்டும் ஒரு ரீங்காரம் வந்தால் இன்சர்ட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் சைலன்சர் குழாயைப் பாருங்கள். இன்ஜின் நிற்கும் இடம் இம்மி மாறியிருந்தாலும் குழாய் எங்காவது உரச ஆரம்பித்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகிற ரோடு நேராகக் காலியாகத் தெரியும், ஆசை வரும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ரோட்டின் மேல் மெல்லிய மணல் படர்ந்து கிடக்கும். சக்கரம் வழுக்கும், பிடிக்கும், திரும்ப வழுக்கும். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் முன்னும் பின்னும் அடிபடும். நான் ஆரம்பத்தில் சொன்ன தடதடப்பு இப்படித்தான் பிறக்கிறது, ஆக்சிலைக்கூட உடைக்கக்கூடிய அடி அது. அதோடு அங்கே குழந்தைகளோடு வருகிற சுற்றுலாக்காரர்கள் எந்த நேரமும் ரோட்டைக் கடப்பார்கள். பாம்பன் பாலத்திலும் இதே கதைதான். ரயில் பாலத்தைப் பார்க்க யாராவது வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். சோதனைக்கு உள்ளூரில் சுற்றுச்சுவர் உள்ள காலி இடம் ஒன்றை, சொந்தக்காரரிடம் கேட்டு, பகலில் பயன்படுத்துங்கள். அழுத்திக் கிளம்பிப் பார்க்க 20 மீட்டர் போதும்.

இன்னும் ஆட்டம் இருந்தால்

மேல் மவுண்டிங்குகளில் கை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் செய்யட்டும். இன்ஜினின் மேலிருந்து பாடிக்குப் போடும் குட்டி ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு டேம்பர் கிடைக்கிறது. ஆட்டத்தை அது தணிக்கும், ஆனால் அதன் வழியாகவும் ஒரு நடுக்கம் உள்ளே வரும். பாடியில் உறுதியான இடத்தில் மாட்டாவிட்டால் தகடு கிழியும்.

அதைவிட நல்லது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ-வில் செய்வது. அதன் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்த கார் என்றால், முதல் இரண்டு கியர்களில் மட்டும் முறுக்கு விசையைக் குறைத்துத் தரும்படி செய்தவரிடமே கேளுங்கள். முன்சக்கரக் காரில் முதல் கியரில் முழு விசையைக் கொடுத்தாலும் டயர் வழுக்கப் போகிறதே தவிர வண்டி வேகமாகக் கிளம்பப் போவதில்லை. அவரிடமே ஐடிலை 50 ஆர்.பி.எம் உயர்த்தவும் கேட்கலாம். மேலே போட்ட மூன்று சிலிண்டர் கணக்கில் 850 என்பது 900 ஆனால் அந்த 80 சதவீதம் 65-க்கு இறங்கும். வாரன்டி இருக்கும் காரில் ரீமேப் செய்தால் வாரன்டி போய்விடலாம், அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் புஷ், ஷாக் அப்சார்பர், தேய்ந்த டயர் ஆகியவையும் சக்கரம் குதிக்கக் காரணமாகலாம். டார்க் ராடைச் சரிசெய்த பிறகும் குதித்தால் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டரில் ஒரு தடவை டார்க் ராடின் போல்ட்டுகள் அசைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முடுக்கிய அன்றைக்கே தலையிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டிருந்தால், கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தடவை. தனுஷ்கோடி போய்வந்த அன்றைக்கு வண்டியின் மேல்பக்கத்தைக் கழுவுகிற தண்ணீரில் பாதியை அடியில், சப்ஃபிரேம் பக்கம் அடித்துவிடுங்கள். நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நம் ஊர்ப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரிதான்.